தொட்டி வாங்கும் முன் இடத்தைத் தயார் செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே ஹாட் டப் எனப்படும் வெந்நீர்த் தொட்டி வைத்துக்கொள்வது பற்றி உங்கள் நாளிதழின் வீட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை பேர் உட்காரலாம், தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் எத்தனை, என்ன நிறம், எந்த மாதிரி விளக்கு என்று எல்லாம் விரிவாக இருந்தது. ஆனால் அந்தத் தொட்டியை எதன் மேல் வைப்பது என்ற கேள்விக்கு, சமமான இடம் இருந்தால் போதும் என்று ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரியை நம்பி யாரும் முன்பணம் கட்டிவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

நான் கட்டுமானப் பொறியாளர். தளம், தூண், உத்தரம் இவற்றுக்குக் கணக்குப் போடுவதுதான் தொழில். வெந்நீர்த் தொட்டி விஷயத்தில் என்னைப் பெரும்பாலும் தொட்டி வந்து இறங்கிய பிறகுதான் கூப்பிடுகிறார்கள். சில வீடுகளில் தண்ணீரும் நிரப்பி, ஏதோ ஒரு சத்தமோ விரிசலோ வந்த பிறகு. ஒரு மாதம் முன்னால் கூப்பிட்டிருந்தால் பாதி வேலையும் பாதிச் செலவும் மிச்சமாகியிருக்கும்.

முதலில் பாரம். ஐந்தாறு பேர் உட்காரும் தொட்டி ஒன்று நீளம் அகலம் இரண்டும் 2.1 மீட்டர் அளவில் இருக்கும். காலியாக 350 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 1300 லிட்டர் பிடித்தால் அதுவே 1300 கிலோ. ஆறு பேர் இறங்கினால், ஆளுக்கு 75 கிலோ என்று போட்டாலும் 450 கிலோ. மொத்தம் 2100 கிலோ. இதைத் தொட்டி உட்காரும் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 475 கிலோ வருகிறது. வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை ஏறி இறங்கும் பாரத்துக்குத்தான் உலகம் முழுக்கப் பொதுவாக வடிவமைக்கிறார்கள். நடமாடும் மனிதர்கள், நாற்காலி, கட்டில், அலமாரி எல்லாம் அதற்குள் அடங்கும். நிரம்பிய தொட்டி அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

"மாடியில் கல்யாணக் கூட்டமே நின்றது, ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டம் வரும், போய்விடும். தண்ணீர் போகாது. இரவும் பகலும் அதே இடத்தில் நிற்கும். கான்கிரீட்டுக்கு ஒரு குணம் இருக்கிறது: நாள்பட நிற்கும் பாரத்துக்கு அது மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். ஏற்றிய அன்றைக்குத் தெரியும் தொய்வு ஒன்று. சில வருடங்களில் அது இரண்டு மடங்கு, இன்னும் அதிகம் என்றுகூட ஆகலாம். மரத் தளமும் அப்படித்தான். அதனால்தான் ஏற்றிய அன்று ஒன்றும் ஆகாததை வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாடியில் தொட்டி வைத்திருந்தார்கள். கீழ் அறையின் கதவு நிலையில் உரச ஆரம்பித்ததால் தச்சரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தச்சர் கதவைச் சீவிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் மறுபடி உரசல். இரண்டாம் தடவை வந்த தச்சர்தான் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது கதவு விஷயம் இல்லை, இன்ஜினியரைக் கூப்பிடுங்க" என்றாராம். நான் போனபோது தளத்தின் அடியில், நட்ட நடுவில், ஒரு சுவரோரத்திலிருந்து அடுத்த சுவரோரம் வரை மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. உடனே தொட்டியைக் காலி செய்யச் சொன்னேன். காலி செய்வதற்கு முன் ஒரு மரக் கழியைத் தரைக்கும் கூரைக்கும் நடுவே இறுக நிற்கும்படி அளந்து வெட்டி, விரிசலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மேலே குழாய் வழியாகத் தண்ணீர் இறங்க இறங்க, கையால் அசைக்க முடியாமல் இருந்த கழி தளர்ந்தது. கடைசியில் கழியின் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு மடித்த தாள் தாராளமாக நுழைந்தது. அதுவரை என்னிடம் வாதாடிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அந்தத் தாளைத் தானே ஒரு முறை நுழைத்துப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தத் தொட்டி மறுபடி மாடியில் நிரப்பப்படவில்லை.

மாடியில் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைக்கலாம். அந்தத் தளத்தின் பழைய வரைபடம், கம்பி விவரம், கீழே உத்தரமும் சுவரும் எங்கே இருக்கின்றன என்பதை ஒரு பொறியாளர் பார்த்து, கணக்குப் போட்டு, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தேவைப்பட்டால் இரும்பு உத்தரங்களைக் குறுக்கே போட்டு, பாரத்தைத் தளத்தில் விடாமல் நேராகச் சுவர்களுக்குக் கொண்டுபோகலாம். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சையும் அதே சமயத்தில் பார்த்துவிட வேண்டும். தொட்டி உட்கார்ந்த பிறகு அதன் அடியில் கை போகாது.

தரையில் வைப்பவர்களுக்கு நிலைமை வேறு. சதுர மீட்டருக்கு 475 கிலோ என்பது மண்ணுக்குப் பெரிய பாரமே இல்லை. ஓர் ஆள் ஒற்றைக் காலில் நின்றால் அவர் பாதத்தின் அடியில் இதைவிடப் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. மண் தாங்கும். ஆனால் எல்லா மூலையும் ஒரே அளவாக இறங்குமா என்பதுதான் கேள்வி. வீட்டுச் சுவரை ஒட்டி இடம் இருக்கிறது, அங்கேயே வைத்துவிடலாம் என்பார்கள். அந்த இடம் அஸ்திவாரம் தோண்டிய பிறகு மண்ணைத் தள்ளி மூடிய இடம். பத்து வருடம் ஆன வீட்டில்கூட அந்த மண் அடியில் இறுகாமல் கிடப்பதைத் தோண்டிப் பார்த்திருக்கிறேன். தொட்டியின் பாதி அந்த நிரப்பு மண்ணிலும் பாதி பழைய கெட்டித் தரையிலும் உட்கார்ந்தால் ஒரு பக்கம் இறங்கும். களிமண்ணாக இருந்தால் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். உறைபனி விழும் ஊர்களில் மண்ணில் இருக்கும் ஈரம் உறைந்து தளத்தையே தூக்கிவிடும். செப்டிக் டேங்க் மூடி, சம்ப், கழிவுநீர்க் குழாய் இவற்றின் மேல் வைக்கவே வைக்காதீர்கள். பழைய வீடு என்றால் எது எங்கே புதைந்திருக்கிறது என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இருக்காது.

சாய்ந்தால் என்ன என்று கேட்கலாம். தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும். தொட்டி ஓரளவுக்கு மேல் சாய்ந்தால், ஒரு பக்கம் வடிகட்டியின் வாய் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை இழுக்கும், எதிர்ப் பக்கம் விளிம்பு வரை தளும்பும். அதுகூடப் பரவாயில்லை. தொட்டியின் அடிப்பக்கம் முழுவதும் தரையில் படியாமல் ஏதோ ஒரு இடத்தில் வெறுமையாக நின்றால், அந்த இடத்தில் தொட்டியின் ஓடு, அதாவது தண்ணீர் நிற்கும் உடல்பகுதி, வளையும். தொட்டிக்குள் சுற்றிச் சுற்றிப் போகும் குழாய்கள் எல்லாம் பசை போட்டு ஒட்டியவை. ஓடு வளைய வளைய அந்த ஒட்டு விடும். சாய்வைச் சரிசெய்ய மூலையில் மரச்சீவல், ஓட்டுத்துண்டு என்று செருகிவைக்கிறார்களே, அது பாரத்தை இரண்டு மூன்று புள்ளிகளில் கொண்டுபோய் நிறுத்தும் வேலை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இடம் சரியில்லாமல் ஓடு வெடித்தால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் பொதுவாகச் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் உத்தரவாதத் தாளைப் படித்துப் பார்க்கலாம்.

நான் தளம் போடச் சொல்லும் விதம் இது. மேல் மண்ணை வேர், புல் எல்லாம் போக ஒரு முக்கால் அடி வழித்து எடுத்துவிட வேண்டும். வேர் அழுகினால் அந்த இடம் பள்ளமாகும். அடி மண்ணை லேசாக நனைத்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அதன் மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஜல்லி, அதையும் இடித்து இறுக்க வேண்டும். நிரப்ப வேண்டியது அதிகம் இருந்தால் ஒரே மூச்சில் கொட்டாமல் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு முறை இடித்துக்கொண்டே வர வேண்டும். பிறகு குறைந்தது 10 சென்டிமீட்டர் கனத்தில் கம்பி கட்டிய கான்கிரீட். மண் நம்பும்படி இல்லை என்றால் நான் 15 போடச் சொல்வேன். தளம் தொட்டியைவிட நாலாப்பக்கமும் 15 சென்டிமீட்டராவது அதிகமாக இருக்கட்டும். கம்பியைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளை அடியில் வைக்காமல் தரையோடு கிடக்கவிட்டுக் கான்கிரீட்டைக் கொட்டினால் அந்தக் கம்பி இருந்தும் பயனில்லை. கொத்தனார் கொட்டும்போது கையால் தூக்கிவிடுகிறேன் என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒன்றைச் சொல்ல மறக்கக் கூடாது. மின் கம்பிக்கான பைப்பைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே புதைத்துவிட வேண்டும். தளம் ஆறிய பிறகு அதை உடைத்துக் காடி எடுப்பதைப் பார்க்கவே எனக்கு மனசு வலிக்கும்.

மட்டம் பார்ப்பதில் எனக்குப் பிடிவாதம் அதிகம். ஓரடி ரசமட்டத்தை நடுவில் வைத்துவிட்டுச் சரி என்று சொல்லும் பேச்சு வேண்டாம். இரண்டு மீட்டருக்கு மேல் நீளும் தளத்துக்கு டியூப் மட்டம்தான் சரி. உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை ஒரு மூலையில் ஒருவர் பிடிக்க, மறுமுனையை அடுத்தடுத்த மூலைக்குக் கொண்டுபோய்க் குறி போட்டுப் பார்க்க வேண்டும். லேசர் கருவி இருந்தால் இன்னும் நல்லது. மழைநீர் வழிய மிகச் சிறிய வாட்டம் இருக்கலாம். மீட்டருக்கு 1 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. உற்பத்தியாளர் அதற்கும் குறைவாகச் சொன்னால் அதுவே கணக்கு. அந்த வாட்டம் மோட்டார் இருக்கும் பக்கம் நோக்கிப் போகவே கூடாது. கான்கிரீட் ஏழு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலுவுக்கு வரும், முழு வலுவுக்கு 28 நாளைக் கணக்கு வைக்கிறோம். அந்த முதல் வாரம் ஈரம் காயாமல் நீராற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டி நாளைக்கே வருகிறது, தளத்தை இன்றைக்கே போடுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். தொட்டியின் தேதியைத் தளம் முடிவு செய்யட்டும்.

மின்சாரம் என் துறை இல்லை என்றாலும், உரிமம் பெற்ற மின்பணியாளரோடு சேர்ந்துதான் வேலை பார்க்கிறேன். இதில் நான் பார்த்த அலட்சியம் பயமூட்டுகிறது. 230 வோல்ட்டில் 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். அதோடு இரண்டு மோட்டார் சேர்ந்து ஓடினால் 30 ஆம்பியரைத் தொடும். அதனால்தான் பெரிய தொட்டிகளுக்கு 32 ஆம்பியர் தனி இணைப்பு கேட்கிறார்கள். சமையலறை இணைப்பிலிருந்து இழுப்பதோ எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவதோ இங்கே பேச்சுக்கே இடமில்லை. கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி கட்டாயம். பல நாடுகளில் 30 மில்லி ஆம்பியர், அமெரிக்காவில் 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டிக்கும் கருவியைப் போடுகிறார்கள். நனைந்த உடம்பு வழியாக மின்சாரம் எளிதாகப் பாயும். அங்கே நொடியில் ஒரு சிறு பங்கும் உயிர்ப் பிரச்சினைதான். எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் இரும்புக் கைப்பிடி, கிராதி இவற்றையும் எர்த்தோடு பிணைக்க வேண்டுமா என்று கேளுங்கள். அவசரத்துக்கு அணைக்கும் சுவிட்ச் தொட்டியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், ஆனால் தண்ணீரில் உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டக் கூடாது. எத்தனை தூரம் என்பதை அந்தந்த ஊர் விதி சொல்லும். ஒன்றரை மீட்டருக்குக் குறைவாக எங்கும் வைக்காதீர்கள். தலைக்கு மேல் மின் கம்பி போகும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

அடுத்தது, தண்ணீர் எங்கே போகும்? மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மொத்தத் தண்ணீரையும் மாற்ற வேண்டும். 1300 லிட்டர் ஒரே நேரத்தில் வெளியேறுகிறது. பக்கத்து வீட்டுச் சுவரோரம் போய்த் தேங்கினால் சண்டை வரும், நம் வீட்டு அஸ்திவாரத்தில் போய்த் தேங்கினால் அதைவிட மோசம். குளோரின் கலந்த தண்ணீரை அப்படியே செடிக்கு விடக் கூடாது, மழைநீர்க் கால்வாயிலும் விடக் கூடாது. மருந்து போடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து சில நாள் விட்டு, சோதனைத் தாளில் குளோரின் இல்லை என்று பார்த்த பிறகு செடிக்கு விடலாம். உப்பு முறையில் இயங்கும் தொட்டி என்றால் அதுவும் கூடாது. கழிவுநீர்க் குழாய்க்கு வழி வைத்துவிடுங்கள்.

பார்க்க அழகாக இருக்கிறது என்று தொட்டியைத் தரைமட்டத்துக்குக் குழிக்குள் இறக்குபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குழிக்குள் மழைத் தண்ணீர் இறங்கும். மோட்டார் தொட்டியின் அடிமட்டத்தில்தான் இருக்கிறது. தரைமட்டத்தில் இருந்தால் தானாக வடியும் தண்ணீர், குழியில் வடியாது. குழியின் அடியில் வடிகால், தானே இயங்கும் பம்ப், மோட்டார் பக்கம் ஓர் ஆள் இறங்கி உட்கார்ந்து ஸ்பேனர் சுற்றும் அளவுக்கு இடம், இவை மூன்றும் இல்லாமல் குழி வேண்டாம்.

பழுது பார்க்கும் இடத்தை யாருமே நினைப்பதில்லை. மோட்டாரை மூடியிருக்கும் பலகையின் முன்னால் 90 சென்டிமீட்டர் விடுங்கள். மற்ற பக்கங்களிலும் 60 இருந்தால் நல்லது, ஏனென்றால் எந்தப் பக்கத்துக் குழாய் ஒழுகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒரு வீட்டில் தொட்டியைச் சுற்றி மூன்று பக்கம் சுவர் எழுப்பி டைல் ஒட்டியிருந்தார்கள். சுத்தமான வேலை, ஒரு குறை சொல்ல முடியாது. ஒழுகல் சுவர்ப் பக்கத்தில். பழுது பார்க்க வந்த பையன் டார்ச்சை அந்த இரண்டு விரல் சந்தில் வைத்து அடித்துப் பார்த்தான். ஈரம் மினுங்குவது தெரிந்தது, கை நுழையவில்லை. ஒரு வாஷர் மாற்றுவதற்குச் சுவரை இடித்தார்கள். மூடியைத் தூக்கிச் சாய்க்கும் கருவி வாங்கினால் அதற்கும் ஒரு பக்கம் அரை மீட்டர் வேண்டும்.

தொட்டி வீட்டுக்குள் வரும் வழியும் இதில் சேர்த்தி. அதை ஒருக்களித்து நிறுத்தித் தள்ளுவண்டியில்தான் கொண்டுவருவார்கள். அப்போது உயரம் 2.1 மீட்டரோடு வண்டியின் உயரமும் சேரும், அகலம் ஒரு மீட்டரை நெருங்கும். வாசல் கேட் இடம் கொடுக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். சிக்கல் வருவது திருப்பத்தில், தாழ்ந்த கூரை விளிம்பில், ஏசி பெட்டியில், சாக்கடை மூடியில். நான் சொல்லும் வழி எளிது. தொட்டியின் அளவுக்கு மரச் சட்டத்தில் ஒரு கூடு அடித்து, இரண்டு பேர் அதைத் தெருவிலிருந்து தளம் வரை தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே தொட்டியும் இடிக்கும். கிரேன் வேண்டுமா என்பது அந்த நடையிலேயே தெரிந்துவிடும்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால், பூட்டக்கூடிய மூடியும் வீட்டுக்குள்ளிருந்து எப்போதும் கண்ணில் படும் இடமும் வேண்டும். தோட்டத்தில் மறைவான மூலையைத் தேடுபவர்கள் இதை யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேலி பற்றியும் அனுமதி பற்றியும் உங்கள் உள்ளாட்சி விதியை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இரண்டு. தொட்டி விற்பவர்கள் முன்பணம் வாங்கும் முன்பே ஒரு தாள் கொடுக்க வேண்டும்: நிரம்பிய எடை, சதுர மீட்டருக்கு விழும் பாரம், தேவையான ஆம்பியர், எந்தப் பக்கம் எவ்வளவு இடம், ஒருக்களித்தால் என்ன உயரம். இது எல்லாமே உற்பத்தியாளரின் கையேட்டில் அச்சாகி இருக்கிறது. அந்தக் கையேடு இப்போது தொட்டியோடு சேர்ந்து வந்து இறங்குகிறது, அதுதான் தவறு. இரண்டாவது, இந்த மாதிரிக் கட்டுரைகளை இனி வெளியிடும்போது, படத்துக்குக் கீழே நிறத்தின் பெயரைப் போடும் இடத்தில் நிரம்பிய எடையையும் ஒரு வரி போடுங்கள். 2100 கிலோ என்று படித்தால், மாடியில் இடம் பார்த்து வைத்திருப்பவர் என்னைப் போன்ற ஒருவரை முன்பணம் கட்டும் முன் கூப்பிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஒரு கட்டுமானப் பொறியாளர்